கணக்கில் வராத உதவி

இத்தாலியின் பலேர்மோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள பிரான்காச்சோவில், பிரதிபலன் பாராமல் உதவுவது நெடுங்காலமாகச் சந்தேகத்துக்குரிய செயல். உதவிக்கு அங்கே பஞ்சம் இருந்ததில்லை. வேலை வேண்டுமா, வீடு வேண்டுமா, திருடுபோன ஸ்கூட்டர் திரும்ப வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. நம்மூர் மொய் போலத்தான், வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். ஆனால் மொய் நோட்டு ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கும். எவ்வளவு பாக்கி என்பதும் அவர்கள் சொல்வதுதான். 1990-களின் தொடக்கத்தில் அந்த நோட்டு மாஃபியாத் தலைவர்களான கிராவியானோ சகோதரர்களிடம் இருந்தது. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒருவர் வந்து, பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லித் தருகிறேன் என்றால், இவர் தன் நோட்டை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் தேடுவார்கள்.

பிரான்காச்சோ ஒரு காலத்தில் தோப்பும் துரவுமாக இருந்த ஊர். 12-ஆம் நூற்றாண்டில் நார்மன் மன்னர் இரண்டாம் ரொஜேர் இங்கே மாரேதோல்சே அரண்மனையில் செயற்கை ஏரியை ரசித்தபடி ஓய்வெடுத்தார். பின்னாளில் ஏரி வற்றி, அந்த இடம் கமலா ஆரஞ்சுத் தோப்பானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுற்றுவட்டாரமெங்கும் அடுக்குமாடிகள் எழும்பின. அரண்மனைக்குள்ளேயே குடும்பங்கள் சுவர் எழுப்பிக் குடித்தனம் நடத்தின; சமையலறையில் வெங்காயம் வதக்கியவர்களுக்கு அது அரசர் வீடு என்பது பெரிய விஷயமாக இருந்திருக்காது. மீட்டெடுக்கப்பட்ட மாரேதோல்சேக்கு 2015-இல் பெனெட்டன் அறக்கட்டளை, தோட்டங்களுக்கான கார்லோ ஸ்கார்ப்பா பரிசை வழங்கியது.

இந்த ஊரில் 1937-இல் ஒரு செருப்புத் தொழிலாளிக்கும் தையல்காரப் பெண்ணுக்கும் பிறந்தவர் பீனோ புல்யீசி. பாதிரியாரான பின் 1970 முதல் 1978 வரை கோத்ரானோ என்ற மலைக் கிராமத்தில் பங்குத்தந்தையாக இருந்தார். கிராமத்துக்குச் சேவை செய்யப் போகும் நகரத்து இளைஞர்கள் வழக்கமாக மரம் நடுவார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கோத்ரானோவில் அதற்கெல்லாம் வழியில்லை. கொலை வரை போன குடும்பப் பகையால் பாதிக் கிராமம் மீதிப் பாதியோடு பேசாமல் இருந்தது. புல்யீசியும் அவரோடு வந்தவர்களும் வீடு வீடாகப் போய் விவிலியம் வாசித்து, பகையாளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார்கள். இதைவிட மரம் நடக் குழி வெட்டுவது எவ்வளவோ எளிது.

1990-இல் அவர் பிரான்காச்சோவின் சான் கயெத்தானோ ஆலயத்துக்குப் பொறுப்பேற்றார். மாஃபியா பற்றிப் பாதிரியார்கள் பேசாமல் இருப்பது பழைய மரபு. 1967 வரை பலேர்மோ பேராயராக இருந்த கர்தினால் ருஃபீனி, மாஃபியா என்றால் என்ன என்று கேட்டவர்களிடம், ஏதோ சலவைத்தூளாக இருக்கலாம் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. புல்யீசிக்கு அந்தச் சலவைத்தூள் நன்றாகத் தெரியும். ஆலயக் கூரை பெயர்ந்து விழும் நிலையில் இருந்தபோது, பழுதுபார்க்க இன்ன கம்பெனியை வைத்துக்கொள்ளுங்கள் என்று பரிந்துரை வந்தது. மறுத்துவிட்டார். திருவிழாவுக்கு வந்த பணத்தையும் வாங்கவில்லை; பவனியின் முன்வரிசையில் கைகட்டி நடந்து பழகிய கனவான்களுக்கும் அந்த இடம் இல்லாமல் போனது. பலேர்மோவில் குடியேறிய ஈழத்தமிழர், சைவர்கள் உட்பட, மோந்தே பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். திருவிழாவில் ஒருவரின் முதல் மரியாதையைப் பறித்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பெரிய குற்றம் அதுவல்ல, மனுக்கள்தான். அப்போது பிரான்காச்சோவில் நடுநிலைப்பள்ளி கிடையாது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஒன்று வேறு பகுதி, இல்லையென்றால் தெரு. ஹசோன் தெரு அடுக்குமாடிகளின் நிலவறைகள் போதைப்பொருளுக்கும் இன்னும் சொல்லக் கூசுகிறவற்றுக்கும் பயன்பட்டன. அவற்றைக் காலி செய்து பள்ளிக்குக் கொடுங்கள் என்று அங்கே குடியிருந்தவர்கள் புல்யீசியின் துணையோடு குழு சேர்ந்து கேட்டார்கள். கூடவே மருத்துவ நிலையமும் சாக்கடை வசதியும். மனு, நினைவூட்டு மனு, நினைவூட்டியதை நினைவூட்டும் மனு என்று மாநகராட்சிக்குக் காகிதம் போய்க்கொண்டே இருந்தது. அதிகாரிகள் அலட்டிக்கொள்ளவில்லை. அந்தக் காகிதங்களை உண்மையில் அக்கறையோடு எடுத்துக்கொண்டது மாஃபியா மட்டும்தான். பள்ளிக்கூடத்தையும் சாக்கடையையும் உரிமையாகக் கேட்டு வாங்கப் பழகியவர்கள், நாளைக்கு வேலையைத் தயவாகக் கேட்க வரமாட்டார்கள் அல்லவா?

1993 ஜனவரி 29-ஆம் தேதி ஆலயத்தின் அருகே புல்யீசியின் ‘பாத்ரே நோஸ்த்ரோ’ மையம் திறக்கப்பட்டது. அருட்சகோதரிகளும் இளைஞர்களும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தந்தார்கள், விளையாட வைத்தார்கள், நோயாளிகளின் வீடுகளுக்குப் போனார்கள். உதவ வந்தவர்களுக்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்பதை, புல்யீசி ஆசிரியராக இருந்த பள்ளியில் படித்த அலெஸ்ஸாந்த்ரோ தவேனியா 2014-இல் எழுதிய நாவலிலிருந்து ஊகிக்கலாம். அதில் வரும் வசதியான வீட்டுப் பையன் பிரான்காச்சோவுக்கு உதவப் போன முதல் நாளே உதடு கிழிந்து, சைக்கிளைப் பறிகொடுத்து வீடு திரும்புகிறான். மறுபடியும் போகிறான் என்பதுதான் கதை.

அந்தக் கோடையில் மனு எழுதிய குழுவில் இருந்தவர்களின் வீட்டுக் கதவுகளுக்குத் தீ வைத்தார்கள். செப்டம்பர் 15 அன்று, தன் 56-ஆவது பிறந்தநாள் இரவில், வீட்டு வாசலில் புல்யீசி சுட்டுக் கொல்லப்பட்டார். கிராவியானோ சகோதரர்கள் 1994-இல் பிடிபட்டனர். சுட்ட சால்வத்தோரே கிரிகோலி, புல்யீசி தங்களைப் பார்த்துப் புன்னகைத்தார் என்று பின்னால் வாக்குமூலம் கொடுத்தான். 2013-இல் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது. நடுநிலைப்பள்ளி 2000-இல் அவர் பெயரிலேயே வந்துசேர்ந்தது. மனுக்களுக்கு முடிவு கிடைக்காது என்று இனி யாரும் சொல்ல முடியாது; என்ன விலைக்கு என்று வேண்டுமானால் கேட்கலாம்.

பிரான்காச்சோவுக்கு வெளியேயும் இப்படி உதவ வருகிறவர்கள் உண்டு. 1996-இல் இத்தாலி இயற்றிய 109-ஆம் எண் சட்டம், மாஃபியாவிடம் பறிமுதல் செய்த சொத்தைச் சமூகப் பயன்பாட்டுக்குக் கொடுக்க வழி செய்தது. பலேர்மோவுக்கு வெளியே, சான் ஜுசெப்பே யாத்தோ பகுதியில் 2001-இல் தொடங்கிய ‘பிளாசிதோ ரிஸ்ஸோத்தோ’ கூட்டுறவு அத்தகைய நிலங்களில் கோதுமையும் திராட்சையும் விளைவிக்கிறது. மாஃபியாவை எதிர்க்கும் ‘லீபெரா’ அமைப்பு இத்தகைய நிலங்களில் நடத்தும் கோடைக்கால முகாம்களுக்கு இத்தாலி முழுவதிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். நாளின் ஒரு பாதி வெயிலில் களையெடுப்பு, மறு பாதி மாஃபியா பற்றிய வகுப்பு. இதற்காக அவர்கள் கட்டணமும் கட்டுகிறார்கள். கூலி கொடுத்தும் ஆள் கிடைக்காமல் தவிக்கும் விவசாயி யாராவது இதைக் கேட்டால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

பிரான்காச்சோ மையம் இன்னும் இயங்குகிறது. சிறைக்குப் பதிலாகச் சமூக வேலை செய்ய நீதிமன்றம் அனுப்பியவர்களும் அங்கே வேலை செய்கிறார்கள். சொந்த விருப்பத்தில் வந்தவர் நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். நீதிபதி அனுப்பியவர் நேரம் முடியும்வரை இருந்தாக வேண்டும்.