பாளைக்கு ஏதுலே ஞாயித்துக்கிழமை?

வாலே பேராண்டி, இங்கன உக்காரு. உங்கம்மை சொன்னா, நீ ஒர்க்‌ஷாப்பு வேலையை விட்டுட்டு முழுநேர ஊழியத்துக்குப் போறியாமே? உலக வேலை உனக்கு ஆகலையாம். லேத்து மிஷின் சத்தத்துல ஆண்டவர் பேசுறது காதுல விழலையாம். அடேயப்பா! சீனாய் மலையில இடியும் மின்னலுமா இறங்குனவருக்கு ஒரு லேத்து மிஷினைத் தாண்டிப் பேசத் தெரியாதோ?

நான் வேண்டாங்கலை. போறதுன்னா போ. ஊழியமும் நல்ல வேலைதான், முறையாச் செஞ்சா. ஆனா ஒண்ணு கேக்கேன். ஒம்பது மணிக்குப் போக வேண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு நீ பத்தரைக்குப் போறியாமே? உழுகிற மாடுன்னா உள்ளூர்லயே விலை போகாதா? மேஸ்திரிக்கு டிமிக்கி குடுக்கவன், ஆண்டவர்கிட்ட மட்டும் வெள்ளென வந்து நின்னுருவியோ? அவரு என்ன, மேஸ்திரியை விட இளிச்சவாயரா?

உலக வேலை, உலக வேலைங்கியே, வேதத்தைத் திறந்துதான் பாக்கியா, இல்ல செல்லுல வாற ஒத்தை வசனத்தோட சரியா? பவுல் அப்போஸ்தலர் கொரிந்து பட்டணத்துல என்ன செஞ்சாரு? ஆக்கில்லா, பிரிஸ்கில்லா வீட்டுல தங்கி, அவிய கூட உக்காந்து கூடாரம் பண்ணுனாரு. ஓய்வுநாள்ல ஜெபஆலயத்துல பேச்சு, மத்த நாள்ல கையில தொழிலு. எபேசு சபை மூப்பர்கிட்ட விடை வாங்கையில தன் கையைக் காட்டித்தான் பேசுனாரு. நீ உன் கையைக் காட்டு பாப்போம். செல்லு தேச்ச விரலு ஒண்ணுதான் காய்ச்சிருக்கு.

ஆமோஸ் ஆடு மேய்ச்சவரு, காட்டத்திப் பழம் பொறுக்குனவரு. லீதியாள் தியத்தீரா ஊர்க்காரி, இரத்தாம்பர யாவாரி. யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் செத்துப்போனப்ப, விதவைக்காரிய எல்லாம் அழுதுக்கிட்டே எதைக் காட்டுனாவ தெரியுமா? அவ தச்சுக் குடுத்த துணிமணியை. அவ எத்தனை மணி நேரம் முழங்கால்ல நின்னான்னு ஒருத்தியும் கணக்குச் சொல்லலை.

அம்புட்டு ஏன், இயேசுசாமியையே நாசரேத்து ஊர்க்காரன் தச்சன்னுதான் சொன்னான். ஊழியம் தொடங்கையில அவருக்கு ஏறக்குறைய முப்பது வயசுன்னு லூக்கா எழுதி வச்சிருக்காரு. அதுக்கு முந்தி என்ன செஞ்சாரு? உளியும் இழைப்புளியும்தானே? அம்புட்டு வருசமும் வீணாலே போச்சு?

ஓய்வுநாள் கட்டளையை நீட்டி முழக்கிச் சொல்லுதியே, அதே கட்டளைக்குள்ள ஆறு நாளும் வேலை செய்யின்னும் இருக்கே. அதை யாருலே தின்னா?

நான் பனையேறி. திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடின்னு இந்தத் தேரிக்காட்டுச் சனத்துக்குப் பனைதான் சோறு போட்டுச்சு. ஒரு ஆளு முப்பது நாப்பது மரம் ஏறுவான். காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. பாளையைத் தெனமும் சீவணும். சீவாம விட்டா நுனி காஞ்சு சுரப்பு அடைஞ்சிரும். அந்தப் பாளைக்கு ஏதுலே ஞாயித்துக்கிழமை? அதுக்கு லெந்து நாளும் தெரியாது, பண்டிகையும் தெரியாது. எங்க ஆளுவ என்ன செஞ்சாவ? கருக்கல்லயே ஏறி இறங்கி, கோயில் மணி அடிக்கதுக்குள்ள குளிச்சு, நெஞ்சுக் காய்ப்பு மேல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு ஆராதனைக்கு வந்து நின்னாவ. சாயங்காலம் திரும்பவும் தளைநாரை மாட்டுனாவ. பரலோக வாசல் அடைச்சுக்கிடும்னு யாரும் பயப்படலை. குழியில விழுந்த ஆட்டை ஓய்வுநாள்ல தூக்கலாம்னு ஆண்டவரே சொல்லிட்டாரே, பாளைக்கு மட்டும் கோவிச்சுக்கிடுவாரா?

கீழ விடிலியில பொம்பளைய பதனி காய்ச்சுவாவ. புகையில கண்ணு செவந்து கெடக்கும். பதனி கொதிச்சு, கூப்பனியா எறுகி, சிரட்டையில ஊத்துனா கருப்பட்டி. வெறகுக்கும் கூலிக்கும் கணக்குப் பாத்தா மிச்சம் ஒண்ணும் பெருசா நிக்காது. இப்போ என்ன நடக்கு? கருப்பட்டியை விடச் சீனி மலிவு. பதனி செம்புல, சீனி மூடையில! கலந்து காய்ச்சி, அசல் பனங்கருப்பட்டின்னு சீட்டு ஒட்டி விக்கான். கடைக்குப் பேரு வேதத்துல இருந்து எடுத்ததுதான். கல்லாப்பெட்டிக்கு மேல பெருசா வசனப் பலகை. வசனம் அசலு, கருப்பட்டி கலப்படம்.

கேட்டா, யாவாரம் வேற, விசுவாசம் வேறங்கான். அப்படியா? பையில ரெண்டு படிக்கல்லு வைக்காதேன்னு மோசே எதுக்கு எழுதுனாரு? வாங்க ஒரு கல்லு, விக்க ஒரு கல்லுன்னு அந்தக் காலத்துலயே நம்மாளுவ இருந்திருக்காவ. தராசுத் தட்டையும் படிக்கல்லையும் எட்டிப் பாக்க சாமிக்கு உன் கடை வெளி உலகமா? எனக்குத் தெரிஞ்ச கிழவி ஒருத்தி, பைபிளைத் தலைகீழாப் பிடிக்கிறவ, கடைசி வரைக்கும் ஒரு பிடி சீனி கலந்தது கிடையாது. ஏன் பாட்டின்னு கேட்டா, “தின்னுதவன் பிள்ளைத்தாய்ச்சியா இருந்தா?”ம்பா. ஒரு மணி நேரப் பிரசங்கத்தை அவ ஒரு கேள்வியில முடிச்சுட்டா.

இப்போ உங்க காலத்துக்கு வாறேன். விடியக்காலம் அஞ்சு மணிக்கு வாட்ஸ்அப்புல வசனம் வருது. யாரு அனுப்புதான்னு பாத்தா நீ. பரவாயில்லையே, பய எழும்பிட்டானேன்னு எட்டிப் பாத்தா, போர்வைக்குள்ள கெடந்து அனுப்புதே. அங்க உங்கம்மை குடத்தைத் தூக்கிக்கிட்டு நல்லியில நிக்கா. படிக்கிறது பைபிள், எடுக்கிறது கொறட்டை.

உபவாசம் இருக்கம்னு ஸ்டேட்டசு வேற. உபவாசம் இருந்தா தலைக்கு எண்ணெய் வச்சு, மூஞ்சியைக் கழுவு, அடுத்தவனுக்குத் தெரியவேண்டாம்னு ஆண்டவர் சொன்னாரு. நீ மூஞ்சியும் கழுவாம போட்டோவும் எடுத்துப் போடுதே. உங்க பெரியப்பன் மவன் காருக்குப் பின்னால ‘இயேசு சீக்கிரம் வருகிறார்’னு ஒட்டியிருக்கான். அவன் ஓட்டுற வேகத்தைப் பாத்தா, அவரு வாறதுக்கு முந்தி நம்மளை அங்க அனுப்பிருவான் போல.

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தைப் பாத்திருக்கியா? ஒரு கட்டு முருங்கைக்காய் ஆயிரக்கணக்குல போவும். மைக்குல பேரைச் சொல்லச் சொல்ல ரூவா ஏறும். காணிக்கைதானே, குடுக்கட்டும், நல்லதுதான். ஆனா அதே மனுசன் மறுநா சந்தையில, வெயில்ல உக்காந்திருக்க கிழவிகிட்ட அதே முருங்கைக்காய்க்கு ரெண்டு ரூவாய்க்கு மல்லுக்கட்டுதான். ஏன்? சந்தையில மைக்கு இல்லையே!

எங்க ஊருப் பொம்பளையகிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு. உலையில அரிசி போடுறதுக்கு முந்தி ஒரு பிடி அள்ளித் தனியா ஒரு கலயத்துல போடுவாவ. பிடி அரிசிக் காணிக்கை. வீட்டுல அரிசி நிறைய இருந்தாலும் ஒரு பிடி, தட்டிப் பொறுக்கிக் கெடந்தாலும் ஒரு பிடி. அந்தப் பிடியில சபை நடந்துச்சு. அதுக்கு ரசீது கிடையாது, கல்வெட்டு கிடையாது. அடுப்பங்கரையில பூனைக்குத்தான் தெரியும். அது காணிக்கை இல்லையாலே?

கூலி வெசயத்துக்கு வா. ஏழையோட கூலியைப் பொழுது சாயுமுன்ன குடுத்துருன்னு உபாகமத்துல இருக்கு. பிடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுதுன்னு யாக்கோபும் எழுதியிருக்காரு. நம்மாளு என்ன செய்யுதான்? கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பாக்கி வச்சுட்டு, சபை ஐயரைக் கூப்பிட்டு வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் நடத்துதான். வந்தவனுக்கெல்லாம் பிரியாணி. நீ எத்தனை ஸ்பீக்கர் கட்டி ஜெபிச்சாலும், அங்க முந்திக் கேக்கது அந்தச் சித்தாளு கூலிச் சத்தம்தாம்லே.

சரி, கஷ்டம் வந்தா என்ன செய்யன்னு கேப்பே. கஷ்டம் இல்லாத வீடு ஏது? குழுத் தவணை இருக்கு, ஆஸ்பத்திரிச் செலவு இருக்கு, பிள்ளைக்குப் பீசு கெட்டணும். டிவியில ஒருத்தரு கோட்டு போட்டுக்கிட்டு வாறாரு. “காணிக்கையை விதையுங்க, நூறு மடங்கு அறுப்பீங்க”ங்காரு. அதைக் கேட்டு வட்டிக்கு வாங்கி அனுப்புன கோட்டிக்காரிய உண்டு. வட்டிக்காரன் திங்கக்கிழமை வாசல்ல வந்து நிக்கான். நூறு மடங்குக்காரரு போனே எடுக்கலை. வெதைச்ச காட்டை நின்னு பாக்காதவன்கிட்ட வெதையைக் குடுக்கலாமா?

யோபு கதையைப் படிச்சியா? அவருக்கு எல்லாம் போயி, ஒடம்பு பூரா புண்ணு. கூட்டாளிய மூணு பேரு வந்தாவ. ஏழு நாளு ஒரு வார்த்தை பேசாம அவரு கூடவே தரையில உக்காந்திருந்தாவ. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு வாயைத் திறந்தாவ, கெட்டுச்சு! உன் பாவம்தான் காரணம்னு ஆரம்பிச்சாவ. கடைசியில ஆண்டவர் அவியளைத்தான் கண்டிச்சாரு. அதனால அடுத்த வீட்டுக்காரன் மேலுக்கு முடியாமப் படுத்தான்னா நீ வசனத்தைத் தூக்கிக்கிட்டுப் போகாதே. தூக்குவாளியில கஞ்சியைக் கொண்டு போ. அவன் பெஞ்சாதி ரெண்டு மணி நேரம் தூங்கட்டும்னு ஆஸ்பத்திரியில நீ முழிச்சிரு. ஜெபம் பண்ணணும்னா பைய பண்ணு, அடுத்த கட்டில்ல உள்ளவன் தூங்கணும்லா.

ஊழியம்னா எப்படின்னு பாக்கணும்னா இடையங்குடிக்குப் போ. கால்டுவெல் ஐயர் கெட்டுன பரிசுத்த திரித்துவ ஆலயம் அங்க நிக்கு. 1847ல தொடங்கி 1880ல பிரதிஷ்டை ஆச்சு. 33 வருசம்! நடுவுல 1856ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தையும் எழுதி முடிச்சாரு. அவரு வீட்டம்மா எலைசா, நாகர்கோயில்ல பிறந்தவிய, பொம்பளைப் பிள்ளையளுக்கு எழுத்துஞ் சொல்லிக் குடுத்து, லேசு பின்னவும் சொல்லிக் குடுத்தாவ. வெறும் உபதேசத்தோட நிறுத்தலை, கைக்குத் தொழிலும் குடுத்தாவ. அந்தக் கோயில்ல கல்லு சுமந்தவன், சாந்து அரைச்சவன் பேரு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. மேல இருக்கவருக்குத் தெரியும், அது போதும்னு செஞ்சிருக்காவ. ஊழியத்துக்குன்னே கப்பலேறி வந்த மனுசன் இம்புட்டு வேலை பாத்திருக்காரு. நீ வேலை பாக்காம இருக்கதுக்காக ஊழியத்துக்குப் போறேங்கே!

ஒரு யோசனை சொல்லுதேன், கேட்டுக்கோ. நேரத்துக்கு வேலைக்குப் போ. முதலாளி எட்டிப் பாக்காதப்பவும் ஒரு நூலு கூடாம கொறையாம கடை. வீணாப்போன சாமானை அடுத்தவன் தலையில கெட்டாதே. சாப்பாட்டு நேரத்துல வாளி கொண்டு வராதவன் உண்டான்னு பாத்துட்டு உன் வாளியைத் தொற. இப்படி ஒரு வருசம் இருந்து பாரு. அப்பவும் அழைப்பு வந்தா, உன் கையைப் பிடிச்சு நானே ஐயர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள ஓடிப்போச்சுன்னா, வந்தது அழைப்பு இல்லை, சோம்பல்.

ஞாயித்துக்கிழமை நீ நல்லவன்னு கோயில்ல யாரு வேணும்னாலும் சொல்லுவான். திங்கக்கிழமை நீ நல்லவன்னு உன் கூட வேலை பாக்கவன் சொல்லட்டும், அதுவும் நீ இல்லாத எடத்துல. அப்படி ஒருத்தன் சொல்லிட்டான்னா, உனக்குச் சாட்சி சொல்ல மேடையும் வேண்டாம், மைக்கும் வேண்டாம்லே.