சுவரோடு சித்திரம் விற்பது எப்படி?

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்று பெரியவர்கள் சொன்னது உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. லண்டன் ஏலக்காரர்களோ அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'வாங்கிக் குவிக்காதே' என்று ஒருவர் தெருச்சுவரில் வரைந்துவிட்டுப் போனால், சுவரையே பெயர்த்து ஏலத்தில் விடுகிறார்கள். இந்தத் தொழிலில் இறங்க விரும்புவோருக்காக, முன்னோடிகளின் அனுபவத்திலிருந்து திரட்டிய எளிய செய்முறை இது. பக்கத்தைக் கிழித்துப் பத்திரப்படுத்துங்கள். கிழித்தால் விலை கூடும். காரணம் நாலாம் படியில்.

தேவையான பொருட்கள்

ஸ்ப்ரே பெயின்ட் – 2 டப்பா
கெட்டி அட்டை – 1
கூரான பிளேடு – 1
அடுத்தவர் சுவர் – 1
புனைபெயர் – 1
மனசாட்சி – சுவைக்கேற்ப
வக்கீல் – 1 (இறக்கும்போது சேர்த்தால் போதும்)

படி 1: அட்டையை வெட்டுங்கள்

தெருவில் நின்று நிதானமாக வரைந்தால் போலீஸ் வந்துவிடும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துத் தெரு ஓவியர் பேங்ஸிக்கு இந்த ஞானம் பிறந்தது ஒரு லாரிக்கு அடியில். பதினெட்டு வயதில் போலீசுக்குப் பயந்து அங்கே ஒளிந்து கிடந்தபோது, வண்டியின் அடிப்பக்கம் ஸ்டென்சில் (வெட்டிய அட்டை) வைத்து அடித்திருந்த எழுத்துகள் கண்ணில் பட்டனவாம். உருவத்தை வீட்டிலேயே வெட்டிக்கொண்டால் தெருவில் வேலை சட்டென்று முடிந்துவிடும். அட்டையைச் சுவரோடு அழுத்திப் பிடியுங்கள். டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளி வைத்து, மெலிதாக இரண்டு தடவை அடியுங்கள். ஆத்திரப்பட்டு ஒரே இடத்தில் அடித்தால் பெயின்ட் ஒழுகும். ஒழுகினாலும் கவலை வேண்டாம். பிரான்ஸ் நாட்டுத் தெரு ஓவியர் ஸெவ்ஸ், பெரிய கம்பெனிகளின் லோகோக்களை ஒழுகவிட்டே பேர் வாங்கியவர். 2009-இல் ஹாங்காங்கில் அர்மானி கடைச் சுவரில் ஷனேல் லோகோவை ஒழுகவிட்டபோது பிடிபட்டுவிட்டார்.

படி 2: கடை பார்த்து வரையுங்கள்

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி, பிளாஸ்டிக் பை, தள்ளுபடி அட்டை: இந்த மூன்றும் எந்தக் காலத்திலும் கைகொடுக்கும். 2008-இல் லண்டன் இஸ்லிங்டனில் ஒரு மருந்துக்கடைச் சுவரில், டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் பையைக் கொடியாக ஏற்றி, பிள்ளைகளை அதற்கு மரியாதை செலுத்த வைத்தார் பேங்ஸி. 2011-இல், பணக்காரர்கள் கடைக்குப் போகும் மேஃபேர் பகுதியில், உயரத்திலிருந்து தள்ளுவண்டியோடு விழுந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணை வரைந்தார்.

இடம்தான் முக்கியம். 2012, எலிசபெத் ராணியின் வைர விழா ஆண்டு. லண்டன் வுட் கிரீனில் 'எது எடுத்தாலும் ஒரு பவுண்டு' கடை ஒன்றின் பக்கச் சுவரில், ஒரு சிறுவன் மண்டிபோட்டுத் தையல் மெஷினில் பிரிட்டிஷ் கொடித் தோரணம் தைத்துக்கொண்டிருந்தான். மலிவு விலைக்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்று கேட்ட படம். மறு பிப்ரவரியில் சுவரில் ஓட்டை, சிறுவனைக் காணோம். பார்த்தால் அமெரிக்காவில் மயாமி ஏலப் பட்டியலில் இருந்தான். ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டதும் அந்த ஏலம் நின்றது. ஜூனில் லண்டனிலேயே ஏழரை லட்சம் பவுண்டுக்குப் போனதாகச் செய்தி வந்தது. எது எடுத்தாலும் ஒரு பவுண்டு. சுவரை எடுத்தால் மட்டும் தனி விலை.

படி 3: நேராகக் கடை விரிக்காதீர்கள்

2013 அக்டோபரில், நியூயார்க் சென்ட்ரல் பூங்கா ஓரம் ஒரு பெரியவர் கடை போட்டார். எல்லாம் பேங்ஸியின் அசல் படங்கள். ஒன்று 60 டாலர். பெயரைத்தான் சொல்லவில்லை. காலையிலிருந்து ஈ ஓட்டினார், சாப்பிட்டார், கொட்டாவி விட்டார். பிற்பகலில் ஒரு பெண்மணி வந்து, பிள்ளைகளுக்கென்று சின்னதாக இரண்டு படம் எடுத்து, பேரம் பேசிப் பாதி விலைக்கு முடித்தார். அப்புறம் நியூசிலாந்துப் பெண் ஒருவர் இரண்டு வாங்கினார். புது வீட்டுச் சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று சிகாகோக்காரர் ஒருவர் நாலு வாங்கினார். ஆக மொத்தம் எட்டுப் படம், 420 டாலர்.

விஷயம் மறுநாள் வெளியே வந்தது. அடுத்த ஆண்டே அந்தக் கடைச் சரக்கில் இரண்டு லண்டன் ஏலத்தில் சுமார் 1.25 லட்சம் பவுண்டுக்குப் போயின. அதே துணி, அதே பெயின்ட். இதிலிருந்து தொழில் கற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது: பிராண்டு மோகத்தைக் கண்டித்து வரைவதற்கு முன், நீங்கள் ஒரு பிராண்டாகிவிட வேண்டும்.

படி 4: கிழியுங்கள்

2018 அக்டோபர் 5, லண்டன் சாத்பீஸ் ஏல நிலையம். பேங்ஸியின் பலூன் சிறுமி படம் 10.4 லட்சம் பவுண்டுக்கு முடிந்து சுத்தியல் தட்டியதும், சட்டத்துக்குள் ஒளித்து வைத்திருந்த காகிதம் வெட்டும் மெஷின் ஓடத் தொடங்கியது. படம் கீழ்ப்பக்கமாக நாடா நாடாவாக இறங்கியது. பாதியில் நின்றுபோனது. 'போச்சே' என்று நீங்களும் நானும் தலையில் கை வைப்போம். வாங்கியவர் வைக்கவில்லை. புதுப்பெயர் சூட்டப்பட்ட அந்தக் கிழிசல் 2021-இல் சுமார் 1.86 கோடி பவுண்டுக்கு விற்றது. மூன்றே வருஷத்தில் ஏறக்குறைய பதினெட்டு மடங்கு. எந்த நகைச்சீட்டில் இந்த லாபம் கிடைக்கும்?

படி 5: வக்கீலைச் சேர்த்து இறக்குங்கள்

காப்புரிமையைக் கேலி செய்தவர் பேங்ஸி. ஆனால் வாழ்த்து அட்டைக் கம்பெனி ஒன்று அவர் முத்திரையில் கை வைத்ததும், 2019-இல் லண்டன் குராய்டனில் ஒரு கடையே திறந்தார். திறந்தார் என்பது பேச்சுக்கு. கதவு கடைசிவரை திறக்கவில்லை. கண்ணாடி வழியே சரக்கைப் பார்க்கலாம், வாங்குவது இணையத்தில். பூங்கொத்து எறிபவன் படத்துக்கான வணிக முத்திரையைக் காப்பாற்றத்தான் இத்தனை ஏற்பாடு. அடுத்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிக முத்திரை அலுவலகம் அந்த முத்திரையை ரத்து செய்துவிட்டது. வக்கீலை முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டிய தவறு

இத்தாலிச் சுவர் ஓவியர் புளூ செய்த காரியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள். பெர்லின் குராய்ட்ஸ்பெர்க்கில், ஒரு கட்டடத்தின் உயரத்துக்குக் கோட்டு சூட்டு போட்ட ஆளை வரைந்திருந்தார். ஆளுக்குத் தலை இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் தங்கக் கடிகாரம். இரண்டையும் இணைத்து ஒரு தங்கச் சங்கிலி, விலங்கு மாதிரி. ஊரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எதிரே கிடந்த காலி மனையில் கட்டடம் எழும்பப்போகும் பேச்சு வந்தது. இந்தச் சித்திரத்தைக் காட்டியே வீட்டுக்கு விலை ஏற்றலாம். 2014 டிசம்பரில் புளூவின் சம்மதத்தோடு ஆட்கள் வந்து, உருளையால் கறுப்பு பெயின்டை மேலிருந்து கீழ்வரை பூசிவிட்டுப் போனார்கள்.

விடிந்து பார்த்தால் சுவர் அப்படியே இருந்தது. சித்திரம்தான் இல்லை. பெயர்க்க ஒன்றுமில்லை, ஏலம் விட ஒன்றுமில்லை. இப்படியெல்லாம் செய்தால் தொழில் எப்படி விளங்கும்?