அன்பு இருக்கிறது, பயிற்சி எதற்கு?

பெரிய மார்க்கெட் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்குப் பக்கவாதம். ஆயா ஒருத்தர் பெத்த மகளாட்டம் பார்த்துக்கிறாங்க. இதுக்கு மேல பயிற்சி எதுக்குங்க?
– பூக்கடைக்காரர்

பதில்: எவ்வளவு பாசமாகப் படுக்க வைத்தாலும், ஒரே பக்கமாக விட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். இழுத்துப் புரட்டினால் தோல் உரியும். கன்றிச் சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது பாசம். அங்கே கை வைக்காமல் இருப்பது பயிற்சி. கஞ்சி ஊட்டுவதும் அப்படித்தான். படுத்தவாக்கில் ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து, தெம்பான பக்கத்துக் கன்னத்தில் சின்னச் சின்ன வாயாக ஊட்டி, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். உங்கள் ஆயாவுக்கு மனசு இருக்கிறது, பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதியை யாராவது ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று செய்து காட்டட்டும்.

கேள்வி: பிரான்சில் இருக்கும் மகன், "இங்க முதியோர் இல்லம் பிரமாதம், வந்துடுங்க" என்கிறான். நம்பலாமா?
– பிரெஞ்சு பென்ஷன்காரர்

பதில்: பயிற்சியைப் பொறுத்தவரை நம்பலாம் ஐயா. அங்கே 'எய்த் சுவாஞ்ஞான்' எனப்படும் பராமரிப்பு உதவியாளருக்கு அரசுப் பட்டயம் உண்டு. 2021 மாற்றத்துக்குப் பிறகு 44 வாரம், 1540 மணி நேரம்; பாதி வகுப்பில், பாதி நோயாளிகள் பக்கத்தில். இதே வேலைக்கு அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச விதியே வெறும் 75 மணி நேரம்தான். ஆனால் 2022-ல் விக்தோர் காஸ்தானே என்ற பத்திரிகையாளரின் புத்தகம் பிரான்சையே உலுக்கியது. பெரிய தனியார் இல்லங்களில் டயப்பரைக்கூட அளந்து கொடுத்தார்கள் என்பது அதில் இருந்த குற்றச்சாட்டு. அரசு விசாரணையும் நடந்தது. கற்ற கைகள் இருந்தால் போதாது, போதுமான கைகளும் வேண்டும். மகனிடம் அதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நல்ல இல்லத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி?
– பாத்திரக் கடை ஊழியர்

பதில்: "ராத்திரி ரெண்டு மணிக்கு இங்கே யார் முழிச்சிருப்பாங்க, அவங்களுக்கு யார் கத்துக்கொடுத்தாங்க?"

கேள்வி: அப்பா முப்பது வருஷம் வெங்காயக் கடை வைத்திருந்தவர். இப்போது மறதி நோய், இல்லத்தில் இருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கே "கடை திறக்கணும்" என்று கிளம்புகிறாராம். ஊழியர்கள் அதட்டி அறையைப் பூட்டுகிறார்கள்.
– காய்கறிக் கடைக்காரர்

பதில்: முப்பது வருஷமாக எழுந்த நேரத்தில்தான் இப்போதும் எழுகிறார். அதட்டினால் பயம் ஏறும், பூட்டினால் கதவை இடிப்பார். "கடையெல்லாம் ஏது தாத்தா" என்று திருத்துவதும் பலிக்காது. "இன்னிக்குச் சரக்கு எப்படி?" என்று கேட்டுக்கொண்டே கூட நாலு நடை நடப்பதைத்தான் பழகிய ஊழியர் செய்வார். ஒரு கூடை வெங்காயம் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். அப்பாவின் கடை, சிநேகிதர்கள், பிடித்த டீ, பயப்படும் விஷயம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி இல்லத்தில் கொடுங்கள். ஷிப்ட் மாறும் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். இந்தத் தவிப்பு திடீரென்று தொடங்கியதென்றால் சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, வலியோ இருக்கலாம். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அரசாங்கம் எதுவுமே செய்யவில்லையா?
– மளிகைக் கடைக்காரர்

பதில்: செய்திருக்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் தொடங்கியது. அதற்கு அடிகோலியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே மருத்துவமனை வந்தது. முதியோர் பராமரிப்புக்கான 2007 சட்டம், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, 150 ஏழை முதியவர்களுக்காவது இடம் என்கிறது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. உதவி வேண்டுவோர் 14567-ஐ அழைக்கலாம். டாக்டருக்குப் படிப்பு வந்துவிட்டது. இரவெல்லாம் கட்டிலருகே இருக்கும் ஆயா ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லாமல் வேலையில் சேரலாம் என்ற நிலைதான் மாறவில்லை. எனக்கு ஆறாத விஷயம் இது.

கேள்வி: மார்க்கெட் பக்கத்து வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கிறேன். தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு.
– ஆயா

பதில்: அம்மா, இனிமேல் தனியாகத் தூக்காதீர்கள். பாட்டிக்கு அடியில் குறுக்கே ஒரு மடித்த விரிப்பைப் போடுங்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பாட்டியிடமும் சொல்லிவிட்டு நகர்த்துங்கள். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் நிற்க இடம் கிடைக்கும். இரண்டாவது ஆள் அந்த வீட்டிலேயே இருக்கிறார்: காலையில் கடைக்குப் போகுமுன் மகன், இரவில் மருமகள். கேட்கத் தயங்கினால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்கள் கையில் கொடுங்கள்.