சுரங்கமும் சொட்டு மருந்தும்

நெய்வேலி வாசகி ஒருவர்

கே: போலியோ சொட்டு மருந்தை பஸ் ஸ்டாண்டிலும் சத்துணவுக் கூடத்திலும் போட்டார்கள். இதில் பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை?

ப: உங்கள் ஊர் சுரங்கத்தில் இருக்கும் வேலைதான்! பழுப்பு நிலக்கரி கண்ணில் படுமுன் எவ்வளவு மேல்மண்ணை அள்ள வேண்டியிருக்கிறது? தடுப்பு மருந்தில் அந்த மண்ணை அள்ளியது பல்கலைக்கழகங்கள்.

ஜோனஸ் சால்க் போலியோ தடுப்பூசியை உருவாக்கியது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில். 1954-இல் சுமார் 18 லட்சம் குழந்தைகளோடு நடந்த சோதனையை அலசி, 1955 ஏப்ரல் 12-இல் 'பாஸ்' போட்டது மிச்சிகன் பல்கலைக்கழகம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான், மேல்நாட்டுக் குழந்தைகளுக்குப் போதுமான மூன்று தவணைச் சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குப் போதவில்லை என்று கண்டு சொன்னார். கூடுதல் தவணை, ஊருக்கே ஒரே நாளில் மருந்து என்ற வழி அங்கே வளர்ந்தது. 1995-இல் நாடு முழுவதும் போனது.

சொட்டு மருந்து போட்டதும் சுண்டுவிரலில் மை வைத்தார்களே, நினைவிருக்கிறதா? 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கைப் போலியோ வைரஸால் இந்தியாவில் ஒரு குழந்தைகூட முடங்கவில்லை. மை வைத்த பின்னும் வாக்கைக் காப்பாற்றியவர்கள் இந்தச் சொட்டு மருந்துக்காரர்கள்தான்!