கேமராவுக்கு மோர் குடுத்துப் பேச முடியுங்களா மாப்ள?

வாங்க மாப்ள, திண்ணையில உக்காருங்க. சாளையில எட்டு கேமரா மாட்டியிருக்கீங்களாமா, ஊரே பேசுது. நானும் பாத்தனுங்க. ஆறு கேமரா உங்க பங்காளி வரப்பையே மொறச்சுட்டு நிக்குது. இட்டேரிப் பக்கம் ஒண்ணுகூடத் திரும்பல. திருடன் என்ன, எல்லைக்கல்லைப் புடுங்கவா வர்றான்?

ராத்திரி ரோந்து வரோணும்னு மனுக் குடுத்தீங்க, நல்லதுங்க. ஆனா 2024 நவம்பர்ல பல்லடத்துக்கிட்ட சேமலைக்கவுண்டம்பாளையத்துல நடந்த கொலையில மூணு உசுரு போச்சு. 2025ல சிவகிரிக்கிட்டத் தோட்டத்துல தனியா இருந்த பெரியவிய ரண்டு பேரு. அந்தச் சேதி வெளிய வரவே சில நாளாச்சு. அக்கட்டச் சாளையில வெளக்கு எரியுதா, சொசைட்டிக்குப் பால் போச்சான்னு ஜீப்பா வந்து பாக்கும்? பக்கத்துத் தோட்டத்துப் பங்காளிதான் பாக்கோணும். நீங்கதான் கெணத்துப் பங்குத் தகராறுல அவங்கூடப் பேச்சையே நிறுத்திப் போட்டீங்களே!

ஊருக்குப் போனா ஸ்டேசன்ல சொல்லிட்டுப் போங்கன்னு போலீசு தலையில அடிச்சுக்குது. நீங்க பழனிக்குப் போனதை வாட்சப்புல போட்டோவோட ஊருக்கெல்லாம் சொன்னீங்க, ஸ்டேசனுக்கு மட்டும் சொல்லல. அவியளும் லேசுப்பட்டவிய இல்லீங்க. ரோந்து வந்தா பட்டா புக்குல கையெழுத்தப் போட்டுட்டு, ஆத்தா நீட்டுற மோரைக்கூடக் குடிக்காமக் கெளம்பிர்றாங்க. சித்தெ உக்காந்து பேசுனா, ஊருக்குள்ள சுத்துற புது ஆளு ஆருன்னு கெழவியே சொல்லிப் போடுவாளுங்க.

இப்பிடி ஊரும் போலீசும் சேரோணும்னுதான் பிரதீப் பிலிப்னு ஒரு எஸ்.பி. 1993ல ராமநாதபுரத்துல ‘பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்’ ஆரம்பிச்சாரு. ஊர்க்காரன் போலீசுக்குக் கண்ணாட்டம் இருக்கோணும்கிறது ரோசனை. மாநிலம் முச்சூடும் பரவுச்சு. போகப்போகச் சிலபேரு லத்தியத் தூக்கிட்டாங்கன்னு பொகாரு. சாத்தான்குளத்துல போலீசு புடிச்சுட்டுப் போன அப்பனும் மகனும் செத்தப்பறம், 2020 ஜூலையில அரசாங்கமே தடை போட்டுருச்சு. அந்த ‘பிரண்ட்ஸ்’ டீசர்ட்டு மேல உங்களுக்கும் ஒரு ஆசை இருந்துச்சுன்னு கேள்வி! துப்புச் சொல்றது வேற, தொரைத்தனம் பண்றது வேறங்க மாப்ள.

நாளைக்கு ஒரு கேமராவையாச்சும் இட்டேரிப் பக்கம் திருப்புங்க. ஸ்டேசன் நம்பருக்குக் கீழ பங்காளி நம்பரையும் எழுதி வையுங்க. கேக்கக் கூச்சமா இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க, நானே வாங்கித் தர்றனுங்க. அவனும் உங்க நம்பரு கேட்டுப்போட்டுத்தான் போனான்.