மரக்காப்பெண்ணெய் இயல்

உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல் என்பது தொல்காப்பிய மரபியல் வகுத்த வரம்பு. அதன்படி பனை, புல். ஆகவே மாட்டுக்கொட்டகைப் பனங்கைக்கு எண்ணெய் பூசுகிறவர் இலக்கணப்படி புல்லுக்கே பூசுகிறார் என்க. கரையான் மரபியல் கற்றதில்லை, இரண்டையும் தின்னும்.

இனி, வீட்டில் கலக்கும் காப்பெண்ணெய் நிறத்தால் மூன்று குலம்.

கரிய குலத்தில் தலையாயது முந்திரி ஓட்டு எண்ணெய். முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டிப் பக்கம் சொல்லவே வேண்டாம். கையில் பட்டால் தோல் வெந்து உரியும்; நம் தோலையே உரிப்பது பூச்சியைச் சும்மா விடுமா என்பது இதன் தருக்கம். கெட்டியாக இருந்தால் மண்ணெண்ணெய் விட்டு இளக்குவர். கடையாயது மெக்கானிக் கடை வேஸ்ட் ஆயில். காசு கிடையாது, காயவும் காயாது. சாய்ந்தவர் சட்டையிலும், மழைக்குப் பின் பக்கத்துக் கீரைப் பாத்தியிலும் மிச்சம் இருக்கும். இதைக் குலத்திலிருந்து தள்ளிவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

பொன்னிறக் குலம், ஆளிவிதை எண்ணெயில் டர்பன்டைன் கலந்தது. ஜன்னல், கதவுக்கு அழகு. காயும்போது காற்றோடு சேர்ந்து சூடேறும் ஆதலால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே பற்றிக்கொள்ளும். விரித்துப் போட்டே காயவைக்க வேண்டும். ஜன்னலைக் காத்து வீட்டைக் கொளுத்த வல்ல குலம் இது ஒன்றே.

வெள்ளைக் குலம் பெயருக்குத்தான் எண்ணெய்; உள்ளபடி வெந்நீரில் கரைத்த வெங்காரமும் போரிக் அமிலமும். ஈரமரத்துக்குள் தானே பரவும். மழை பட்டால் வந்த வழியே போய்விடும். உத்தரத்துக்கு ஆகும், வேலிக்கு ஆகாது.

வேப்பெண்ணெயை நான்காவதாகச் சேர்ப்பாரும் உளர். அது பூச்சியை விரட்டுகிறதோ இல்லையோ, விருந்தினரை விரட்டும்.

குலம் எதுவாயினும் பூசுவோர் இருவகையர். முதல் வகையார் வேலிக் கம்பத்தை நட்டபின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் மூன்று பூச்சு பூசி, தள்ளி நின்று பார்ப்பவர். மரம் அதிகம் குடிப்பது அறுத்த முனையில். உளுத்துப்போவது ஈரமும் காற்றும் கூடும் தரைமட்டத்தில். இவ்விரண்டையும் இவர் தூரிகை தொட்டதே இல்லை. ஊரில் பெரும்பான்மை இவரே.

நடுமுன் அடிமுனையை எண்ணெயில் நிறுத்தி நாள்கணக்கில் ஊறவிடுபவர் இரண்டாம் வகை. மிக அரியர். 'இன்னுமா வேலி போடலை?' என்று வீட்டார் கேட்டுக்கொண்டிருப்பது இவரை அறியும் அடையாளம். பக்கத்து வீட்டு ஆடு அதற்குள் கீரையை முடித்திருக்கும்.