வாட் எனும் வதந்தி

ஹனிகூம்ப் பெட் வந்துவிட்டது. 22 மில்லிமீட்டர் உயரத்தோடு வந்திருக்கிறது. என் லேசர் தலைக்குக் கீழே ஆண்டவன் விட்டிருக்கும் மொத்த இடமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதன்மேல் ஒரு பலகையை வைத்தால் தலை நகராது, முட்டி நிற்கும். விற்றவருக்குப் போன் போட்டேன். “அதுக்குத்தான் ரைசர் லெக்ஸ் தனியா குடுக்கறமே சார், வாங்கலையா?” என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரிவோடு கேட்டார்.

கால் வாங்கினால் மெஷின் உயரும். மெஷின் உயர்ந்தால் அதைச் சுற்றி மாட்டியிருக்கும் புகைக்கூண்டின் மூடி மூடாது. மூடி மூடாவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஹாலில் இருக்கும் நல்ல காற்றை ஜன்னல் வழியாக வெளியே தள்ளும். புகை வீட்டுக்குள்ளேயே சௌகரியமாக இருக்கும். ஆக, பெரிய கூண்டு வேண்டும். பெரிய கூண்டுக்குப் பெரிய மேஜை. உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அது கேமராவாகவோ சைக்கிளாகவோ இருக்கும். பெட்டியைப் பிரிக்கும் முன்பே அப்கிரேடு கார்ட்டில் ஏறியிருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் இது ஒரு பயனுள்ள கட்டுரை. மலிவு லேசர் என்கிரேவர் வைத்திருப்பவருக்கு உண்மையில் தேவைப்படும் அப்கிரேடு ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் தண்டம். அது எது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த வாட் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். இரண்டு வரிதான்.

பெட்டியில் 80 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கூடவே வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கினால் 60. அந்த அறுபதில் மோட்டார்கள் ஓட வேண்டும், போர்டு உயிரோடு இருக்க வேண்டும், ஃபேன் சுற்ற வேண்டும், போக மீதியில் 80 வாட் லேசர் அடிக்க வேண்டும். மின்வாரியத்தின் காதில் இது விழுந்தால் வடசென்னை அனல்மின் நிலையத்தை இழுத்து மூடிவிட்டு, அந்த இடத்தில் என் அடாப்டரைச் செருகிவிடுவார்கள். கேட்டால், 80 என்பது ‘எஃபெக்ட்’ என்கிறார்கள். வாட்டில் எஃபெக்ட் என்று ஒரு ரகம் இருப்பது ஜேம்ஸ் வாட்டுக்கே தெரியாது. ரேஷன் கடையில் இருபது கிலோ எஃபெக்ட் அரிசி என்று பையை நீட்டினால் நாம் வாங்கிக்கொண்டு வருவோமா?

இந்த வித்தைக்கு ஒரு பரம்பரையும் உண்டு. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் வாங்கியவர்களுக்கு பிஎம்பிஓ ஞாபகம் இருக்கும். செட்டின் நெற்றியில் வெள்ளி ஸ்டிக்கர், அதில் 1000 வாட் பிஎம்பிஓ. ஓடுவதென்னவோ பேட்டரிக்கட்டையில். எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்கு மைக்செட் போடுபவர் 250 வாட் ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு, கூம்பு ஸ்பீக்கரில், விடியற்காலை நான்கு மணிக்கு நான்கு தெருவையும் எழுப்பிவிடுவார். அவரைவிட நான்கு மடங்கு சக்தி எங்கள் வீட்டு ஷோகேஸில் இருந்தது. சமையலறையில் மிக்ஸி ஓடினால் பாட்டு கேட்காது. பிஎம்பிஓவை எப்படி அளப்பது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை ஒன்று கடைசிவரை வரவில்லை. அளக்க முடியாத ஒன்றில் ஆயிரம் போட்டால் என்ன, இரண்டாயிரம் போட்டால் என்ன? அந்த ஸ்டிக்கர் அடித்தவர்களின் பிள்ளைகள்தான் இப்போது லேசர் விற்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

லேசரில் வாட் மூன்று வகைப்படும். சுவரிலிருந்து இழுப்பது ஒன்று, டையோடுக்குள் போவது ஒன்று, டையோடிலிருந்து ஒளியாக வெளியே வருவது ஒன்று. பலகையைச் சுடுவது மூன்றாவது மட்டும்தான். நீல டையோடில் உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை விரட்ட ஒரு ஃபேன், அந்த ஃபேனுக்கு என்று கொஞ்சம் வாட். எல்லோரும் தின்றது போக என் பலகைக்கு வந்து சேர்வது ஐந்து. எண்பதில் புறப்பட்டு ஐந்தில் வந்து இறங்குகிறது. சரி, பெரிதாக வாங்கலாம் என்றால், ஒளியாகவே பத்து வாட் என்று விற்பதற்குள் இரண்டு டையோடு இருக்கிறது, இருபதுக்குள் நான்கு. குட்டிக் கண்ணாடிகளை வைத்துக் கதிர்களை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். போதாக்குறைக்கு டையோடின் ஒளிப்புள்ளி வட்டமாக விழாது, செவ்வகமாக விழும். அதனால் ஒரு சதுரம் வெட்டினால் இரண்டு பக்கம் கழன்று வரும், இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும். கட்டர் கத்தியை எடுத்து நான் வெட்டி முடிப்பேன். கத்திக்கு வாட் கிடையாது.

கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்திருப்பவர்கள் இந்தப் புலம்பலைக் கேட்டால் சிரிப்பார்கள். அது பாராமதியில் பிறந்து புனேயில் இன்ஜினியரிங் படித்த குமார் பட்டேல் 1964-ல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சாதனம். நம் நாட்டுக்காரர் என்பதால் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கூட்டம் வாங்குவது கே40 என்ற மலிவுப் பெட்டி. அந்த நாற்பதும் வாட்டாம். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய் முப்பது, முப்பத்தைந்து தந்தால் பெரிது என்று, தனியாக மடக்கிக் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள். அங்கேயும் வதந்திதான், இங்கே 80-க்கு 5, அங்கே 40-க்கு 30. இருந்தாலும் கண்ணாடிபோல் தெளிந்த அக்ரிலிக்கை அது வெட்டிவிடும். என் நீல ஒளி அக்ரிலிக்கைத் தாண்டிப் போய் அடியில் இருக்கும் டைனிங் டேபிளைத்தான் விசாரிக்கும்.

இரண்டு வரி என்று சொன்னேன் இல்லையா. இந்த விஷயத்தில் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது என்று வீட்டிலும் சொல்கிறார்கள்.

அப்கிரேடுக்கு வருவோம். ஏர் அசிஸ்ட் என்று ஒன்று உண்டு. லேசர் சுடும் இடத்தில் காற்றை ஊதினால் புகை லென்ஸில் படியாது, ஓரம் கருகாது, வெட்டு ஆழமாக இறங்கும். இதற்கென்றே விற்கும் பம்பின் விலை அநியாயம். மீன்தொட்டிப் பம்பே போதும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னதால் கொளத்தூருக்குப் போனேன். கடைக்காரர், “எத்தனை அடி தொட்டி சார்?” என்றார்.

“தொட்டி இல்லீங்க. லேசருக்கு.”

“லேசரா? அந்த மீனு நம்மகிட்ட இல்லயே.”

பம்பு நன்றாகத்தான் ஊதுகிறது. இதுதான் நான் சொல்லவந்த அந்த ஒரே அப்கிரேடு என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். பம்பு வந்த பிறகு அதை வைக்க ரப்பர் பாய் தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் அந்த அதிர்வில் மேஜை நகர்கிறது, மேஜையோடு பலகை நகர்கிறது, ‘சுபம்’ என்று அடித்தால் ‘சுபம்’முக்கு நிழல் விழுகிறது.

உள்ளே ஓடும் மென்பொருளைப் பற்றி மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். ஜிஆர்பிஎல்லை 2009-ல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்ற நார்வேக்காரர் எழுதி இலவசமாகக் கொடுத்தார். லேசர் மோடு வேண்டுமென்றால் $32=1 என்று அடிக்க வேண்டும். அதில் எந்த அமைப்பை மாற்றுவதானாலும் முதலில் டாலர் குறி போட்டாக வேண்டும். இந்தத் தொழிலில் நேர்மையாக எச்சரித்தவர் அவர் ஒருவர்தான்.

எம்டிஎஃப் பலகை சுடும்போது வரும் நெடி தனி. மரத்தூளோடு அதை ஒட்டிய பசையும் சேர்ந்து எரிகிறது. கீழ் வீட்டு அக்கா ஒருநாள் படியேறி வந்து, “அடுப்புல ஏதாச்சும் வெச்சுட்டு மறந்துட்டியாம்மா?” என்று கேட்டார். “இல்லக்கா, இவரு வேலை செய்றாரு” என்றாள் என் மனைவி. அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார்.

சொந்தக்காரர்கள் அப்படி இறங்கிப் போவதில்லை. “மெஷின் சும்மாதானே கெடக்கு, ஒரு பேரு ப்ரிண்ட் போட்டுக் குடேன்.” இந்த ‘சும்மா’வுக்குள் மாஸ்கிங் டேப் ஒட்டுவது, ஃபோகஸ் வைப்பது, ஒரு துண்டில் அடித்துப் பார்ப்பது, ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே காவல் இருப்பது, ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஒட்டியிருக்கும் டேப் துணுக்கை நகத்தால் நோண்டி எடுப்பது எல்லாம் அடக்கம். ‘ஜெயலட்சுமி’யில் எத்தனை துணுக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. காவல் இல்லாமல் விட்டுப் போனால் பலகை தீப்பிடிக்கும். காபி குடிக்கக்கூட நகர முடியாது. ப்ரிண்டாம்.

போன வாரம் பெரியம்மா வந்திருந்தார். பேத்தியின் வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கப் பித்தளைக் குங்குமச் சிமிழ் வாங்கியிருக்கிறார். “எல்லாத்துலயும் பேரு போட்டுருப்பா.”

“பித்தளைல விழாது பெரியம்மா. படுற சூட்டை அது அந்த நொடியே உடம்பு பூரா பரப்பிக்கும். என் லேசருக்கு அவ்வளவு சக்தி கிடையாது. அதுக்கு ஃபைபர் லேசர்னு வேற ஒண்ணு இருக்கு. பல்ஸ் பல்ஸா அடிக்கும்.”

“எம்பது வாட்டுனு பெட்டில போட்டிருக்கே?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. முக்கால் மணி நேரப் பதில். பிஎம்பிஓ வருவதற்குள் பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சிமிழ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே பாத்திரக் கடைக்குப் போனேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்திருந்தவர் கையில் வயர் தொங்கும் பேனா. கண்ணாடி இல்லை, கூண்டு இல்லை, பம்பு இல்லை. டர்ர்ர் என்றது, ‘கீர்த்தனா’ விழுந்துவிட்டது. ‘ர்’ரின் புள்ளிகூடச் சரியான இடத்தில் இருந்தது. டேப் துணுக்கு எதுவும் பறக்கவில்லை. எல்லாச் சிமிழையும் அவர் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

“இது எத்தனை வாட்டுங்க?”

நிமிர்ந்து என்னையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதெல்லாம் தெரியாது சார். அந்தக் கடைசி சிமிழுக்கு இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?”